சிறுகோள் நிழலைப் பிடிப்பது எப்படி: நீலகிரிப் பள்ளிகளுக்கும் வான ஆர்வலர்களுக்கும் ஒரு வழிகாட்டி

வானம் காட்ட ஊரைக் கூட்டுவது நமக்குப் பழகிய விஷயம். ஒரு மைதானம், ஒரு தொலைநோக்கி, நீண்ட வரிசை, ஆளுக்கு அரை நிமிடம் சனியின் வளையம். அது நல்ல காரியம்தான். ஆனால் அங்கே ஒரு பிள்ளை பார்ப்பது ஏற்கெனவே கோடிப் பேர் பார்த்தது. சிறுகோள் மறைப்பில், அதாவது ஒரு சிறுகோளின் நிழல் நம்மைக் கடக்கும்போது நட்சத்திரம் சில நொடி மறையும் நிகழ்வில், கதை வேறு. குன்னூரில் தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எடுக்கும் அளவை உலகத்தில் வேறு யாராலும் எடுக்க முடியாது. அந்த நொடியில் அந்தக் கோட்டின்மேல் நிற்பது அவள் மட்டும்தான். இந்த நிகழ்வுக்குக் கூட்டத்தைச் சேர்க்கக் கூடாது, பிரித்து நிறுத்த வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களில் இதுவரை கண்டறியப்பட்டவை 13 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஒன்று நமக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் குறுக்கே போனால், அந்த நட்சத்திரம் சில நொடிகள் காணாமல் போகும். நட்சத்திரம் மிக மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஒளி இணைகோடுகளாக வந்து சேர்கிறது. அதனால் பூமியில் விழும் நிழலின் அகலம் கிட்டத்தட்ட சிறுகோளின் அகலமேதான். 30 கி.மீ. சிறுகோள் என்றால் 30 கி.மீ. அகலமுள்ள நிழல் நொடிக்கு 10, 15 கி.மீ. வேகத்தில் நிலத்தின்மேல் ஓடும். அந்தப் பட்டைக்குள் இருப்பவருக்கு நட்சத்திரம் அணையும், வெளியே இருப்பவருக்கு அணையாது. அணைந்திருந்த நேரத்தை நிழலின் வேகத்தால் பெருக்கினால், நாம் நின்ற கோட்டில் சிறுகோள் எத்தனை கி.மீ. நீளம் என்பது கிடைத்துவிடும். பெரிய தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகத் தெரியும் ஒரு கல்லைக் கைக்கடக்கமான கருவியோடு கி.மீ. கணக்கில் அளந்துவிடலாம்.

நீலகிரிக்கும் மறைப்புக்கும் பழைய உறவு உண்டு. ஊட்டி அருகே முத்தொரையில் மலைச்சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடித்தார்கள். வானத்திலுள்ள ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலை வீசும் பொருள்களை, நிலா மறைக்கும்போது அளந்து, அவற்றின் இடத்தையும் அளவையும் துல்லியமாகச் சொல்வதுதான் அதைக் கட்டியதன் முதல் நோக்கம். சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் திருப்பினாலே மணிக்கணக்கில் ஒரு மூலத்தைப் பின்தொடரலாம். ஊட்டியைத் தேர்ந்தெடுத்த காரணம் இந்தச் சரிவுதான் என்று பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள், அவர்கள் ஊர் மலை அவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும்.

கூடவே காவலூர் கதையையும் சொல்லுங்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. திருப்பத்தூர் பக்கம் காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை அளந்துகொண்டிருந்தார்கள். எதிர்பாராத நேரத்தில் நட்சத்திரம் சற்று மங்கியது. யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று எண்ணி எழுதினார்கள். அதே நிகழ்வை விமானத்திலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் பார்த்தவர்களின் அளவுகளையும் சேர்த்தபோது தெரிந்தது, அது யுரேனஸின் வளையம். எதிர்பாராத நேரத்திலும் பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. கீழே மறுபடியும் வரும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் வகுப்பறையில்

வானத்துக்குப் போகும் முன் ஒரு உருளைக்கிழங்கு போதும், ஊட்டியில் அதற்குப் பஞ்சமில்லை. கோணல்மாணலான கிழங்காகப் பார்த்து எடுங்கள். டார்ச் அடித்து அதன் நிழலைச் சார்ட் தாளில் விழச் செய்து, ஓரத்தை வரைந்துகொள்ளுங்கள். தாளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். வரைந்த உருவத்தின்மேல் 2 செ.மீ. இடைவெளியில் கிடைக்கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு பிள்ளைக்கு. கோடு உருவத்துக்குள் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்ற இரண்டு எண்களை மட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இரண்டு பேர் மட்டும் தங்கள் கோட்டைக் கரும்பலகையில் வரைந்தால் எந்த உருவத்தையும் கற்பனை செய்யலாம். ஆறு பேர் வரைந்தால் கிழங்கு தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் கடைசியாக, உருவத்தைத் தொடாத கோடு கிடைத்த பிள்ளையை அழையுங்கள். "எனக்கு ஒண்ணுமே இல்லை சார்" என்று முகம் வாடி வரும். அந்தப் பிள்ளையின் கோட்டையும் வரையுங்கள். கிழங்கின் ஓரம் இதைத் தாண்டிப் போகாது என்று உறுதியாகச் சொன்னது அந்த ஒரு கோடுதான். இதை வகுப்பறையிலேயே புரியவைத்துவிட்டால், நிஜ இரவில் நட்சத்திரம் மறையாத இடத்தில் நின்ற பிள்ளை ஏமாந்துபோகாது. இந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த பயிற்சிக்கு நிலா இருக்கிறது. வளர்பிறை நிலா கிழக்கு நோக்கி நகரும்போது அதன் இருண்ட ஓரம் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக மறைக்கும். ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை, கார்த்திகைக் கூட்டம் எல்லாம் அதன் பாதையில் வரக்கூடியவை. அவற்றை விட மங்கலான நட்சத்திரங்கள் அடிக்கடி மறையும், சாதாரண பைனாகுலரே போதும். நிலாவில் காற்று இல்லை, நட்சத்திரமோ புள்ளி. அதனால் கொஞ்சம்கூட மங்காமல் சட்டென்று அணையும். அந்த 'சட்டென்று' என்ன என்பதைக் கண் ஒரு தடவையாவது பார்த்துப் பழகியிருக்க வேண்டும்.

எந்த நிகழ்வை எடுப்பது

உலகளவில் இந்த வேலையை ஒருங்கிணைப்பது ஐயோட்டா எனப்படும் சர்வதேச மறைப்பு நேரக்கணிப்புச் சங்கம். அந்த வட்டத்தில் எல்லோரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் அக்கல்ட் வாட்சர். உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம் மூன்றையும் கொடுத்தால், வரும் வாரங்களில் உங்கள் பக்கம் கடக்கும் நிழல்களைப் பட்டியல் போட்டுத் தரும். காயா விண்கலம் 2013 டிசம்பரில் போய் நட்சத்திரங்களின் இடங்களை மிக நுட்பமாக அளந்து தந்த பிறகு இந்தக் கணிப்புகள் எவ்வளவோ நம்பகமாகிவிட்டன. முன்பெல்லாம் நிழல் எந்த மாவட்டத்தில் விழும் என்றே உறுதியாகச் சொல்ல முடியாது.

பட்டியல் நீளமாக இருக்கும். புதியவர்கள் இப்படி வடிகட்டுங்கள். நட்சத்திரத்தின் மேக்னிட்யூட், அதாவது பிரகாச எண், 10-க்குள் இருக்கட்டும் (எண் கூடக் கூட மங்கல்). மறையும் நேரம் குறைந்தது 2 நொடி. அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். ஊட்டியைச் சுற்றி மலைகள் இருப்பதால் அதற்குக் கீழே நம்ப முடியாது. பிரகாசம் எவ்வளவு குறையும் என்றும் பட்டியலில் இருக்கும். நட்சத்திரமும் சிறுகோளும் ஒரே பிரகாசமாக இருந்தால் குறைவு 0.75 மேக்னிட்யூட்தான், கண்ணால் நம்பிச் சொல்ல முடியாது. சிறுகோள் நட்சத்திரத்தை விட 3, 4 மேக்னிட்யூட் மங்கலாக இருந்தால் நட்சத்திரம் முற்றாகக் காணாமல் போன மாதிரி இருக்கும். அதையே எடுங்கள்.

நேரத்தில் கவனம் வேண்டும். கணிப்புகள் உலக நேரத்தில் இருக்கும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. ஜனவரி 14, 20:10 என்று போட்டிருந்தால் நமக்கு அது 15-ம் தேதி அதிகாலை 1:40. பொங்கலன்று இரவு எல்லோரும் தூங்கப்போன பிறகு வரும் நிகழ்வு இது. அறிவிப்புத் தாளில் நம் நேரத்தையும் கிழமையையும் எழுதி, "14-ம் தேதி ராத்திரி தூங்கி எழுந்து" என்று விளக்கியும் எழுதுங்கள். முதல் நிகழ்வுக்கு நள்ளிரவு வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குள் வருவதாக அல்லது விடியற்காலை ஐந்து மணிக்கு வருவதாகப் பார்த்தால் பெற்றோரும் சம்மதிப்பார்கள்.

பருவம் பற்றி மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், நடுவட்டம் பக்கம் நினைத்தே பார்க்க முடியாது. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி நனையும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நமக்கான காலம். பயிற்சியை அக்டோபரில் வகுப்பறையில் ஆரம்பித்தால் ஜனவரிக்குத் தயாராகலாம்.

யார் எங்கே நிற்பது

இதில்தான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். ஆட்களை எப்படிப் பரப்புகிறோம் என்பதை வைத்துத்தான் முடிவு அமையும்.

இங்கே சாலைத் தூரத்துக்கு மதிப்பில்லை. நிழல் போகும் திசைக்குக் குறுக்கே எவ்வளவு விலகி நிற்கிறோம் என்பது மட்டுமே கணக்கு. நிழல் கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று வைப்போம். ஊட்டியும் கோத்தகிரியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன, 11.41-ம் 11.42-ம். பேருந்தில் ஒரு மணி நேரம் போனாலும் நிழலுக்கு இரண்டும் ஒரே கோடு. இரண்டு ஊரிலும் ஆள் நிறுத்தினால் ஒரே அளவை இரண்டு தடவை எடுத்த மாதிரிதான் (மேகத்துக்குப் பயந்து மாற்று ஆளாக வைப்பது வேறு). அதே நிழலுக்குக் குன்னூர் ஊட்டியிலிருந்து சுமார் 7 கி.மீ. தெற்கு, மேட்டுப்பாளையம் 12 கி.மீ. தெற்கு, மசினகுடி 18 கி.மீ. வடக்கு. நான்கு தனித்தனிக் கோடுகள் கிடைத்துவிட்டன. மஞ்சூரையும் சேர்த்தால் தெற்கே இன்னொன்று.

நிழல் வடக்கு தெற்காக ஓடினால் கணக்கு தலைகீழாகும். அப்போது கூடலூர், ஊட்டி, கோத்தகிரி மூன்றும் நல்ல இடைவெளியில் வந்துவிடும். கூடலூரிலிருந்து ஊட்டி நேர்க்கோட்டில் கிழக்கே சுமார் 23 கி.மீ., அங்கிருந்து கோத்தகிரி இன்னும் 17 கி.மீ. ஒவ்வொரு நிகழ்வுக்கும் நிழல் கோட்டை வரைபடத்தில் போட்டு, அதற்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஊர்களை அந்தக் குறுக்குக்கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் இதற்குப் போதும். பிள்ளைகளே ஆட்களை நிறுத்தட்டும்.

மலைக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிழல் சாய்வாக விழுவதால் உயரமும் இடத்தை மாற்றும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். நட்சத்திரம் 30 டிகிரி உயரத்தில் இருந்தால், இந்த உயர வித்தியாசம் மட்டுமே நிழலை 3 கி.மீ.க்கு மேல் நகர்த்திவிடும். சமவெளிப் பள்ளி உயரத்தைப் போடாமல் விட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம், நம்மால் முடியாது.

இனி ஆட்கள். நீலகிரிப் பள்ளியின் பெரிய பலமே அதன் பிள்ளைகள் வருகிற ஊர்கள்தான். ஒரே வகுப்பில் ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வருபவர், எஸ்டேட் லயனிலிருந்து வருபவர், டவுன் பிள்ளை எல்லாரும் இருப்பார்கள். சாயங்காலம் மணியடித்ததும் அவர்கள் தாமாகவே நாலா பக்கமும் பரவிவிடுகிறார்கள். அவரவர் வீட்டு வாசல்தான் நிலையம். யாரையும் இரவில் வேனில் ஏற்றி எங்கும் கொண்டுபோக வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் காட்டுமாடும் கரடியும் சிறுத்தையும் நடமாடும் நேரம் அது. மசினகுடிக்கு வெளியிலிருந்து ஆள் அனுப்பாதீர்கள், அங்கேயே குடியிருக்கும் ஆசிரியரோ மாணவரோ வீட்டை விட்டு இறங்காமல் பார்க்கட்டும். பெரியவர் ஒருவர் கூட இருப்பது கட்டாயம்.

இது நடக்கிற காரியம்தானா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ரெக்கான் திட்டத்தைக் காட்டுங்கள். அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில் வடக்கு தெற்காக வரிசையாக அமைந்த சின்னச் சின்ன ஊர்களின் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே மாதிரித் தொலைநோக்கிகளை வைத்து, நெப்டியூனுக்கு அப்பால் உள்ள பொருள்களின் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். ஊர் சிறியதாக, தள்ளித் தள்ளி இருப்பதுதான் அவர்களுக்கும் வசதி.

கருவிகள்

ஒரே நிகழ்வில் மூன்று வகைக் கருவிகளையும் கலந்து வைக்கலாம்.

கண்ணும் குரலும்: 6 அல்லது 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருந்தால் 10-ம் மேக்னிட்யூட் நட்சத்திரத்தைக் கண்ணாலேயே வசதியாகப் பார்க்கலாம். நட்சத்திரம் 7-ம் மேக்னிட்யூடாக அமைந்தால் 10x50 பைனாகுலரை முக்காலியில் கட்டிவைத்தாலே போதும். அப்படிப்பட்ட நிகழ்வு எப்போதாவதுதான் வரும், வந்தால் பள்ளி முழுவதையும் இறக்கிவிடுங்கள். பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம், ஆடுகிற நட்சத்திரம் மறைந்ததா இல்லையா என்று சத்தியம் செய்ய முடியாது.

கேமரா வீடியோ: கண்வில்லை இருக்கும் இடத்தில் பொருத்தும் வானியல் கேமரா ஒன்றும் லேப்டாப்பும் இருந்தால் நொடிக்குப் பத்துப் படம் பதியலாம். அளவு துல்லியமாக வரும், பிறகு யாரும் சரிபார்க்கலாம். வட்டாரத்தில் ஒன்றிருந்தாலும் லாபம். போனைக் கண்வில்லையில் வைத்து வீடியோ எடுத்தால் மிகப் பிரகாசமான நட்சத்திரங்கள் மட்டுமே பதியும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஓடவிட்ட படம்: ஊரில் கல்யாணப் போட்டோ எடுப்பவரிடம் இருக்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்கும் இதில் வேலை உண்டு. முக்காலியில் அசையாமல் வைத்து ஷட்டரை 30 நொடி திறந்துவைத்தால் நட்சத்திரங்கள் கோடுகளாக இழுபடும். நடுவில் மறைப்பு நடந்தால் கோட்டில் ஒரு வெட்டு விழும். வான நடுக்கோட்டருகே நட்சத்திரம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது (1 டிகிரியில் 3,600 ஆர்க்செகண்ட்). 200 மி.மீ. லென்ஸில் 2 நொடி மறைப்பு சுமார் 6 பிக்சல் நீள வெட்டாக வரும். சின்னதுதான், ஆனாலும் பெரிதாக்கிக் காட்டினால் ஊரே நம்பும். பொதுமக்களுக்குக் காட்ட இதை விட நல்ல படம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஒளி கோடாகப் பரவிவிடுவதால் பிரகாசமான நட்சத்திரத்துக்குத்தான் இது ஒத்துவரும்.

நேரத்தைப் பிடிப்பது

நொடிக்கு 10 கி.மீ. ஓடும் நிழலில் அரை நொடிப் பிழை 5 கி.மீ. பிழையாகிவிடும். கைக்கடிகாரமும் சுவர்க்கடிகாரமும் இதற்கு ஆகாது.

கண்ணால் பார்ப்பவர்களுக்கு எளிய வழி இது. ஒரு போனில் ஜி.பி.எஸ். நேரத்தைக் காட்டும் செயலியைத் திறந்து வையுங்கள். இன்னொரு போனில் வீடியோ பதிவை ஆரம்பித்து, முதல் போனின் திரையை அரை நிமிடம் படம் பிடியுங்கள். பதிவை நிறுத்தாமல் போனைத் தொலைநோக்கி அருகே வைத்துவிடுங்கள். பார்ப்பவர் கண்ணை எடுக்காமல், நட்சத்திரம் அணைந்ததும் "போச்சு", திரும்பியதும் "வந்துச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்ததும் அதே பதிவில் மறுபடியும் கடிகாரத் திரையைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். முன்னும் பின்னும் காட்டுவதால் பதிவு நடுவில் பிசகியிருந்தால் தெரிந்துவிடும். மறுநாள் அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் ஒலியைத் திறந்தால் "போச்சு"வின் முதல் அசை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று அலைவரியிலேயே பார்க்கலாம்.

கண் பார்த்து வாய் சொல்வதற்குள் கொஞ்ச நேரம் கழியும். அதைப் பிள்ளைகள் தாங்களே அளந்துகொள்ளட்டும். ஒருவர் அளவுகோலைத் தொங்கவிட்டுத் திடீரென்று கைவிட, மற்றவர் பிடிக்கிறார். 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால் தாமதம் 0.2 நொடி. இயற்பியல் பாடம் அப்படியே உயிரோடு வந்து நிற்கும். வானத்தில் தாமதம் இதை விடக் கூடவே இருக்கும். அணைவதற்கும் திரும்புவதற்கும் ஏறத்தாழ ஒரே தாமதம் என்றால் மறைந்திருந்த நேரத்தில் பிழை குறையும். ஆனால் முதல் தடவை அணையும்போது திகைப்பில் சற்றுக் கூடுதலாகத் தாமதிப்பது மனித சுபாவம், அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். மறைப்பு 2 நொடி என்றால் அதற்கான தேடல் ஒரு மணி நேரம். நிகழ்வுக்கு முந்தைய இரண்டு இரவுகளும் அதே நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்துப் பழகுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் அந்தப் பகுதியை அச்செடுத்து, பிரகாசமான நட்சத்திரத்திலிருந்து ஒவ்வொரு தாவலாகப் போகும் வழியைச் சிவப்பு மையில் குறியுங்கள்.

தாவித் தேட வராதவர்களுக்கு இன்னொரு வழி. வானம் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகர்கிறது. நம் நட்சத்திரத்துக்கு மேற்கே, அதே டெக்ளினேஷனில் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை டிகிரி என்ற கணக்கு) ஒரு பிரகாசமான நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். அது வான நடுக்கோட்டுக் கணக்கில் 10 டிகிரி மேற்கே இருந்தால், நிகழ்வுக்கு 40 நிமிடம் முன்பு தொலைநோக்கியின் நடுவில் அதை நிறுத்துங்கள். அப்புறம் தொலைநோக்கியைத் தொடவே கூடாது, வானம் தானாக நகர்ந்து நம் நட்சத்திரத்தைச் சரியான நிமிடத்தில் நடுவே கொண்டுவந்து நிறுத்தும். பூமி சுற்றுவதைப் பாடமாகச் சொல்வதை விட, இந்த 40 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது பிள்ளைகளுக்கு ஆழமாகப் பதியும்.

அன்றிரவு

தொலைநோக்கியை அரை மணி முன்பே வெளியே வைத்துக் குளிரப் பழக்குங்கள். தலைக்குந்தா, காந்தள் மாதிரிப் பள்ளமான இடங்களில் ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும், லென்ஸின்மேலும் படியும். கறுப்புச் சார்ட்டைக் குழாயாகச் சுருட்டி முகப்பில் மாட்டினால் கொஞ்ச நேரம் தாங்கும். முடி உலர்த்தும் கருவி ஒன்று கையருகே இருக்கட்டும். போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், கடைசி நேரம் வரை சட்டைப்பைக்குள் வைத்திருங்கள். பிள்ளைகளுக்கு குல்லா, சால்வை, சூடாகக் குடிக்க ஏதாவது.

கணித்த நேரத்துக்குக் குறைந்தது மூன்று நிமிடம் முன்பு பதிவைத் தொடங்கி, மூன்று நிமிடம் பின்பு வரை ஓடவிடுங்கள். யுரேனஸ் வளையம் அப்படித்தான் அகப்பட்டது. 2022 மார்ச்சில் பாலிமீலி என்ற சிறுகோளை அமெரிக்காவில் பல குழுக்கள் பரந்து நின்று பார்த்தபோதும் இதே கதைதான். இரண்டு பேருடைய மறைப்பு மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. அவர்கள் பார்த்தது பாலிமீலியின் துணைக்கோளை, அதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றை.

கோடைமழைக்கு முந்தைய தெளிந்த இரவிலும் நம் மலையில் மேகத்துணுக்கு சட்டென்று வந்து போகும். நட்சத்திரம் அணைந்தது சிறுகோளாலா, மேகத்தாலா? அதற்கு ஒரே வழி, பக்கத்து நட்சத்திரம். நம் நட்சத்திரத்துக்கு அருகே ஏறக்குறைய அதே பிரகாசமுள்ள ஒன்றை முன்பே தேர்ந்தெடுத்து, இரண்டையும் ஒரே பார்வையில் வைத்திருக்க வேண்டும். இரண்டும் மங்கினால் மேகம். நம் நட்சத்திரம் மட்டும் அணைந்து, மற்றது அப்படியே மின்னிக்கொண்டிருந்தால் மறைப்பு. பார்ப்பவருக்கு ஆசை கண்ணை மறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். "மறையும், மறையும்" என்று அரை மணி நேரமாகக் காத்திருந்த பிள்ளைக்கு இமைத்தாலே மறைந்த மாதிரித் தோன்றும். சந்தேகமாக இருந்தால் "சந்தேகம்" என்றே பதிவில் சொல்லப் பழக்குங்கள். கணித்த நொடியைப் பிள்ளைகளிடம் சொல்லாமல், "இந்த ஆறு நிமிடத்துக்குள்" என்று மட்டும் சொல்வது இன்னும் நல்லது.

ஊர்ப் பெரியவர்களும் பெற்றோரும் பார்க்க வேண்டும் என்றால் கேமரா வைத்த ஒரு நிலையத்தைப் பள்ளி மைதானத்தில் அமைத்து, திரையில் போட்டுக் காட்டுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திரையில் ஒரு புள்ளி இருக்கும், அது இரண்டு நொடி காணாமல் போகும், அவ்வளவுதான். காத்திருக்கும் நேரத்தில் நிழல் வரைபடத்தைக் காட்டி, எந்த ஹட்டியில் யார் வீட்டுப் பிள்ளை நிற்கிறது என்று பேர் சொல்லிக் குறியுங்கள். மக்களுக்கு வானத்தை விட அந்த வரைபடம்தான் பிடித்துப்போகும். ஆனால் வெளியே நிற்கும் பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்துவிடாதீர்கள்.

மறுநாள் கணக்கு

பதிவுகள் வந்து சேர்ந்ததும் மென்பொருளுக்குப் போகும் முன் வரைபடத் தாளில் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைச் செய்து காட்டுகிறேன். நிழல் கிழக்கு மேற்காக, நொடிக்கு 10 கி.மீ. வேகம். ஊட்டியில் மறைவு 1.8 நொடி, குன்னூரில் 2.8, மேட்டுப்பாளையத்தில் 3.0. மசினகுடியில் மறையவில்லை.

தாளில் 1 செ.மீ.க்கு 2 கி.மீ. என்று வையுங்கள். ஊட்டிக்கோடு 18 கி.மீ., அதாவது 9 செ.மீ. அதற்குக் கீழே மூன்றரை செ.மீ. தள்ளிக் குன்னூர், 28 கி.மீ., 14 செ.மீ. இன்னும் இரண்டரை செ.மீ. கீழே மேட்டுப்பாளையம், 30 கி.மீ., 15 செ.மீ. கோடுகளின் நடுப்புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நுனிகளைத் தொட்டு வட்டம் வரைந்தால் ஏறத்தாழ 30 கி.மீ. விட்டமுள்ள வட்டம் வரும். மையம் மேட்டுப்பாளையம் கோட்டருகே. ஊட்டிக்கு 18 கி.மீ. வடக்கே இருக்கும் மசினகுடி வட்டத்துக்கு வெகு வெளியே நிற்கும். தெற்குப் பாதி வெறும் ஊகம், அங்கே ஆள் இல்லை. கோயம்புத்தூர் சாலையில் காரமடையில் ஒருவர் நின்றிருந்தால் தெரிந்திருக்கும். பிள்ளைகளே இதைச் சொல்லிவிட்டு, "அடுத்த தடவை அங்கே யாரை நிறுத்தலாம்?" என்று கேட்பார்கள்.

நிஜக் கணக்கில் நடுப்புள்ளிகள் இப்படி அழகாக அடுக்கி நிற்காது. நிழல் ஒவ்வொரு ஊரையும் ஒவ்வொரு நேரத்தில் தொடும். ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் நடுவே 17 கி.மீ. என்றால் இந்த வேகத்தில் 1.7 நொடி வித்தியாசம். அதைக் கழித்த பிறகும் கோடுகள் விலகி நின்றால் சிறுகோள் வட்டமாக இல்லை என்று பொருள், அல்லது யாரோ ஒருவருடைய கடிகாரம் தவறு. எது என்று விவாதிக்க ஒரு முழு வகுப்பை ஒதுக்குங்கள். கேமரா வீடியோ இருந்தால் டாங்ரா என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரத்தின் ஒளியை அளந்து வரைகோடாகத் தரும். நேர்க்கோடாக ஓடி, பள்ளமாக விழுந்து, மறுபடி எழும் அந்தக் கோட்டைப் பெரிதாக அச்செடுத்து வகுப்பில் ஒட்டுங்கள்.

அனுப்பி வைப்பது

ஐயோட்டாவின் அறிக்கைப் படிவத்தை நிலையத்துக்கு ஒன்றாக நிரப்புங்கள். இடம், உயரம், கருவி, நேரம் எடுத்த முறை, அணைந்த நேரம், திரும்பிய நேரம், பார்த்தவர் பெயர். தேதியும் நேரமும் உலக நேரத்தில். மறையவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் குறித்து, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை இடைவிடாமல் பார்த்தோம் என்று எழுதினால்தான் அது அளவாகும். மேகம் மூடியிருந்தால் மேகம் என்று எழுதுங்கள், அதை மறையவில்லை என்று போட்டுவிட்டால் அடுத்தவர் கணக்கும் கெட்டுப்போகும். கண்ணால் எடுத்த அளவுக்கு எவ்வளவு பிழை இருக்கலாம் என்றும் நேர்மையாகப் போடுங்கள்.

அறிக்கை போன பிறகு யாராவது கேள்வி கேட்டு எழுதுவார்கள். உங்கள் நேரம் அரை நொடி தள்ளி நிற்கிறதே, கடிகாரத்தை எப்படிப் பார்த்தீர்கள் என்று. அப்போது காட்ட மூலப் பதிவு வேண்டும். பிள்ளைகளின் போனில் இடமில்லாமல் அழித்துவிடுவார்கள், அதனால் மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் பள்ளிக் கணினிக்கு மாற்றி, கோப்பின் பெயரில் தேதியும் ஊரும் பார்த்தவர் பெயரும் போட்டு வைத்துவிடுங்கள். பதில் கடிதத்தை, அன்று நட்சத்திரத்தைப் பார்த்த பிள்ளையே எழுதட்டும், ஆசிரியர் ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பினால் போதும்.